மன்னிப்பு வாங்கிக் கொடுத்தவர்

மலைச்சரிவில் விழுந்து இறந்து கிடந்த சட்டத்தரணி இப்திகாரின் வெள்ளைக் காற்சட்டையில் இரத்தத்தைவிடச் சிவப்புப் பொலிஷ்தான் அதிகமாக இருந்தது.

பொலிஸ் எடுத்த படங்களைத் துப்பறிவாளர் மயில்வாகனம் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். முழங்கால்கள் இரண்டிலும் சிவப்பு. பின்பக்கம், உட்காரும் இடத்திலும் சிவப்பு.

“தரைக்குப் போடுற பொலிஷ் சேர்,” என்றாள் அவருடைய உதவியாளர் பஸ்லினா. “எங்கட உம்மா பெருநாளுக்கு முந்தி எங்களப் பிடிச்சித் தேய்க்க வெப்பா. கலியாணம் முடிச்ச பொறகும் முழங்கால்ல நெறம் போகல்ல. காயம்னு நெனச்சி எங்கட மாப்பிள்ள மருந்து வாங்கிட்டு வந்தார்.”

மயில்வாகனம் சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் மரணங்களை விசாரித்தவர். பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கும் பழக்கம் அங்கேயே போய்விட்டது. சாவகச்சேரியில் பிறந்து கண்டியில் நரைத்த மனிதர். கார் ஓட்டத் தெரியாது. அதற்காகத்தான் பஸ்லினாவை வேலைக்கு எடுத்தார். அவளுடைய வாய் இலவசமாகக் கூட வந்தது.

இருவரும் ஹந்தானையில், இப்திகாரின் வீட்டு முன்னறையில் நின்றிருந்தார்கள். பின் விறாந்தை ஒரு கற்சுவரோடு முடிந்தது. சுவருக்குக் கீழே பாறை, அதற்கும் கீழே தேயிலை. சனிக்கிழமை மாலை மழையில் அந்தச் சுவரிலிருந்து இப்திகார் விழுந்தார். வழுக்கி விழுந்ததாகப் பொலிஸ் எழுதிவிட்டது. அதை ஏற்காமல் மயில்வாகனத்தை அழைத்தவர் இப்திகாரின் கனிஷ்ட சட்டத்தரணி நஸீப். நாற்பதை எட்டாத வயது. கறுப்புக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தியிருந்தார், கண்கள் வீங்கியிருந்தன.

“தூதுவரா நியமிக்கப் போற நேரத்துல ஒரு மனுசன் வழுக்கி விழுவாரா?” என்றார் நஸீப். “அன்டைக்கு நான் கொழும்புல. இங்க ஈந்திருந்தா விட்டீக்க மாட்டேன். யாரோ வந்தீக்கிறாங்க. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சித் தாங்க.”

சுவரில் இப்திகாரின் உத்தியோக வாழ்க்கை சட்டம் போட்டுத் தொங்கியது. முதல் படத்தில், கண்டியில் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் அடகு உறுதிகளைச் சரிபார்க்கும் மெலிந்த இளைஞன். அடுத்ததில் வளைகுடா வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகர். அதற்கடுத்தது ஒரு துறைமுகம். கப்பல் முதலாளி கடன் கட்டாததால் நீதிமன்றம் பிடித்துவைத்த கப்பலில் இலங்கை மாலுமிகள் பட்டினி கிடந்தார்கள். தூதரகம் கெஞ்சிக் களைத்த பிறகு, இப்திகார் ஒரு வங்கி உத்தரவாதத்தை முன்வைத்து அவர்களை இறக்கிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து சிக்கலான பேச்சுவார்த்தை எதுவானாலும் வெளிநாட்டமைச்சு அவரைத்தான் அனுப்பியது. தூதுவர்களுக்கு வங்கி விளங்காது, வங்கிக்காரர்களுக்குத் தூது விளங்காது. அவருக்கு இரண்டும் விளங்கியது. மத்ரசாவில் படித்த அரபு வேறு கைகொடுத்தது.

கடைசிப் படம்தான் பெரியது. பத்திரிகையாளர் கூட்டம். நடுவில் இப்திகார், பக்கத்தில் நஸீப். ஓரத்தில், கழுத்தில் மாலையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும் ஒல்லியான பெண். மடுல்கெல்லைத் தோட்டத்து ராக்கம்மா. அவளுடைய மகள் நிலூஷா வீட்டு வேலைக்காக வளைகுடாவுக்குப் போனவள். எசமானியின் சாவுக்குக் காரணமானவள் என்று அங்கே மரண தண்டனை விதித்தார்கள். செத்தவளின் குடும்பம் மன்னித்தால் உயிர் தப்பும் என்பது அந்த நாட்டுச் சட்டம். இப்திகார் போய்ப் பேசினார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, சிறைவாசம் முடிந்ததும் மகள் திரும்புவாள் என்று நாடே கொண்டாடியது. தூதுவர் பதவி அந்தப் படத்திலிருந்துதான் தொடங்கியது.

“அவரின்ரை மூக்குக் கண்ணாடி எங்க கிடந்தது?” என்று கேட்டார் மயில்வாகனம்.

நஸீப் பெரிய பிரம்புக் கதிரையைக் காட்டினார். “அதுட காலடியில. தரையில.”

மயில்வாகனம் குனிந்து சிவந்த சீமெந்துத் தரையை விரலால் தொட்டார். விரல் சிவந்தது.

“வீடு நிறையக் கதிரை. அப்பிடியிருந்தும் மனிசன் நிலத்தில இருந்திருக்கிறார். பிறகு முழங்காலில நிண்டிருக்கிறார். கதிரையில வேறை ஆள் இருந்திருக்குது. என்ன பிள்ளை?”

“அப்ப வந்தவர் கேட்டு வரல்ல. வீட்டுக்காரர்தான் எதையோ கேட்டீக்கிறார்,” என்றாள் பஸ்லினா. “பேங்க் லோயர் முட்டுக்கால் போட்டாரா? ஊருலகத்துல மத்தவங்கதான் பேங்குக்கு முன்னால முட்டுக்கால் போடுற.”

இப்திகாரின் மனைவி றம்லத், கணவனை இழந்தவர் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தார். அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்க முடியாது. பஸ்லினா மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு, வழக்கமான சிரிப்பைத் தொலைத்துவிட்டு வந்தாள்.

“மாமி அன்டைக்கு அக்குறணைல, கூடப் பொறந்த தாத்தாட ஊட்ட. போறதுக்கு முந்தி, தங்கக் கரை போட்ட நல்ல கோப்பைகள எடுத்து வெக்கச் சென்னாராம். யாரு வாறன்னு கேட்டதுக்கு, ‘பெரிய ஆள் ஒருத்தர்’னு மட்டும் சென்னாராம். ராவெல்லாம் தூங்கல்லயாம். தொழுதுட்டு அப்பிடியே குந்திட்டு ஈந்தாராம்.”

“பின்பக்கத்தையும் ஒருக்கா பாருங்க,” என்றார் நஸீப். “நீங்க வாற வரைக்கும் ஒருத்தரையும் அங்க தொட விடல்ல.”

பின்பக்கம், சமையலறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய். அதன் சிறிய சீமெந்துத் திட்டில் தங்கக் கரை போட்ட கோப்பை ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் சோடி உள்ளே, மேசைமேல் தட்டிலேயே இருந்தது.

மயில்வாகனம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கைரேகைய அழிச்சீக்கிறாங்க சேர்.”

“கைரேகையை அழிக்கிறவன் கோப்பையை உள்ளுக்கையே கழுவலாம். இது பழக்கம், பிள்ளை. குடிச்ச கோப்பையைத் தானே கழுவி வெளியில கவிழ்த்து வைக்கவேணும் எண்டு ஆரோ பழக்கின ஆள். பெரிய வீடுகளுக்குள்ள தன்ரை கோப்பைக்கு இடமில்லை எண்டு தெரிஞ்ச ஆள்.”

அவர் திரும்பிச் சுவரில் இருந்த கடைசிப் படத்தைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற மாலைக் கழுத்துப் பெண்ணை.

நஸீப் ஆமோதிப்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினார்.

*

வத்தேகமை தாண்டி, பன்விலை தாண்டி, பாதை குறுகி ஏறியது. குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது.

“இந்த ரோட்டுல கார் ஓடல்ல சேர். கார் நிக்கிது, மலைதான் குலுங்குது.”

மயில்வாகனம் கதவின் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

“மகளக் காப்பாத்திக் குடுத்த மனுசன அந்தப் பொம்பள ஏன் தள்ளிவிடணும்? எனக்கு அது தான் வெளங்கல்ல.”

“எனக்கு வேறை ஒண்டு விளங்கேல்லை,” என்றார் மயில்வாகனம். “பெரிய ஆள் வாறா எண்டு நல்ல கோப்பையை எடுத்து வைக்கிறார். தான் நிலத்தில இருந்துகொண்டு அவாவைக் கதிரையில இருத்துறார். அப்பிடிப்பட்டவர், வந்தவாவை எழும்பிப் போய்க் கோப்பை கழுவ விடுவாரோ? ரெண்டும் ஒண்டோடை ஒண்டு பொருந்தேல்லை.”

“நீங்கதானே சேர் பொருத்தின?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போகும் படிக்கட்டின் அடியில் கார் நின்றதுமே, மேலே ஒரு கதவு திறந்தது. ராக்கம்மா வேகமாக இறங்கி வந்தாள். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தாள்.

“வீட்டுக்கு வேணாங்கய்யா. கோயிலடிக்குப் போயிருவோம்,” என்றாள் தாழ்ந்த குரலில். “எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்ல. சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்துருவாரு.”

மேலே, சன்னலோரத்தில், கம்பளி போர்த்திய ஒரு மனிதர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவளுடைய கணவர் பொன்னையா. காரைக் கண்டதும் கையை உயர்த்தி, “புள்ளயப் பத்தி ஏதும் சேதியா?” என்று கேட்டார். 

“ஆமாங்க, நல்ல சேதிதான். பேசிட்டு வந்துர்றேன்!” என்று ராக்கம்மா திரும்பிப் பார்க்காமலே சத்தம் கொடுத்தாள்.

கோயிலடியில் அவள் உட்காரவில்லை.

“யாராச்சும் வருவீங்கன்னு தெரியும். அவரு செத்துட்டாருன்னு ரேடியோவுல கேட்டேன்.”

“சனிக்கிழமை அங்க போனனீங்களோ அம்மா?”

“போனேன். அவரே போன் போட்டு வரச் சொன்னாரு. ஆட்டோவும் அவரே அனுப்புனாரு. பெரிய கதிரையில என்னைய ஒக்கார வச்சிட்டு, அவரு தரையில ஒக்காந்தாரு. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. எந்திரிங்கய்யான்னு கெஞ்சினேன். கேக்கல.”

“என்ன சொன்னார்?”

“எம்புள்ள செத்துப்போச்சுன்னு சொன்னாரு.”

தேயிலைக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

“அப்ப மன்னிப்பு?” என்றார் மயில்வாகனம்.

“மன்னிக்கிறோம்னு அந்தக் குடும்பம் சொன்னது நெசந்தான். நட்ட ஈட்டக் கோர்ட்டுல கட்டணும். கட்டுறதுக்கு முன்னாடி கையெழுத்து வேணும்னு இவரு கேட்டாராம். கட்டுனாத்தான் கையெழுத்துன்னு அவங்க சொன்னாங்களாம். ‘கையெழுத்தில்லாம சல்லிய விடாதேன்னுதாம்மா பேங்குல எனக்குப் படிச்சுக் குடுத்தாங்க. வாழ்க்க பூரா அதத்தான் செஞ்சேன். அங்கயும் அதையே செஞ்சேன்’னு தலையில அடிச்சுக்கிட்டாரு. ஒத்த வரிய எப்பிடி எழுதுறதுன்னு பேசிக்கிட்டிருந்தப்பவே, ஒரு காலையில எம்புள்ளயக் கொண்டுபோயிட்டாங்க.”

அவள் குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள் சொல்லித் தேய்ந்த கதைபோல இருந்தது.

“மன்னிப்புக் கெடச்சிருச்சுன்னு அவசரப்பட்டுப் பேப்பருக்குச் சொன்னது அந்தச் சின்ன லோயரய்யாவாம். செத்த சேதி வந்தப்ப, ரெண்டு நாட்டுக்கும் ஏதோ ஒப்பந்தம் நடக்கப் போகுது, இப்ப வாயத் தொறக்காதீங்கன்னு மேலருந்து சொன்னாங்களாம். சேதியப் பூட்டி வச்சதும் அந்தச் சின்னவருதானாம். இவரும் பேசாம இருந்துட்டாரு. இனிமே முடியாது, தூதர் வேலையும் வேணாம், எல்லாத்தையும் வெளிய சொல்லப்போறேன், மன்னிச்சிருங்கம்மான்னு எம்முன்னாடி முட்டி போட்டாரு.”

“மன்னிச்சீங்களா?” என்று கேட்டாள் பஸ்லினா.

“அதக் கேக்க வேண்டியவ மண்ணுக்குள்ள இருக்காளேம்மா. நான் யாரு?” ராக்கம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “எனக்கு முன்னாடியே தெரியும். தெல்தோட்டைப் புள்ள ஒண்ணு அதே ஜெயில்ல இருந்துட்டுத் திரும்பி வந்துச்சு. என்னையத் தேடி வந்து, கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நான்தான் யாருக்கும் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கு மாசாமாசம் பொய் சொல்றேன். புள்ள பேசுச்சு, ஒடம்பு தேறிருச்சாம், உள்ளுக்குள்ளயே தையல் பழகுதாம்னு. அதக் கேட்டுக்கிட்டுத்தான் அந்த மனுசன் மூச்சு விடுறாரு.”

“அப்ப இப்திகார் வெளியில சொன்னா...”

“அதத்தான் நானும் சொன்னேன். பேப்பர்ல வந்துச்சுன்னா எனக்கு இருக்கிற ஒண்ணும் போயிரும்யா, தயவு பண்ணிச் சொல்லாதீங்கன்னு கும்புட்டேன். ரொம்ப நேரம் அழுதாரு. பொறகு, அல்லா மேல சத்தியமா சொல்லமாட்டேன்னாரு. மழையில கொடை புடிச்சு கேட்டு வரைக்கும் கூட்டிட்டு வந்து, ஆட்டோவுல ஏத்திவிட்டாரு. நான் வர்றப்ப உசிரோடதான் நின்னாரு.”

மயில்வாகனம் தயங்கினார். “தேத்தண்ணி குடிச்சீங்களா அம்மா?”

“ஊத்தி வச்சாரு. அந்தப் பேச்சுக்கப்புறம் தண்ணி எறங்குமா? தொடவே இல்ல.”

“கோப்பையைக் கழுவி வெளியில வைச்சது...”

“குடிக்காத கோப்பைய எதுக்குய்யா கழுவணும்?” அவள் அவரை நேராகப் பார்த்தாள். “குடிச்சிருந்தாலும் கழுவியிருக்க மாட்டேன். விருந்தாளியாக் கூப்பிட்டவரு வீடு. மேசையில வச்சிட்டு வந்திருப்பேன்.”

மயில்வாகனத்தின் முகம் சிறுத்தது. மன்னியுங்கோ என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லை அவளிடம் இனி யார் சொன்னாலும் பாரம்தான் என்று தோன்றியது. கைகூப்பிவிட்டு இறங்கினார்.

கார் பன்விலைக்கு இறங்கியது.

“அந்தக் கோப்பையை ஆரோ எனக்காகத்தான் வைச்சிருக்கிறான்,” என்றார் மயில்வாகனம். “தோட்டத்துச் சனம் எண்டால் கோப்பையைக் கழுவி வெளியில வைக்கும் எண்டு நினைக்கிறவன். அதைக் கண்டால் நானும் அப்பிடித்தான் நினைப்பன் எண்டு தெரிஞ்சவன். நினைச்சனே!”

“பின்பக்கத்த ஒருத்தரையும் தொட விடாமக் காத்து வெச்சவன்,” என்றாள் பஸ்லினா. “நாங்க துப்பறியல்ல சேர். பரிமாறினதத் திண்டீக்கிறோம்.”

“ராக்கம்மா வந்தது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கொலைகாரி எண்டு ஆக்கிவிட்டால் அவா என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டுதான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறான். ஊத்தின தேத்தண்ணி மேசையில இருந்ததும் தெரிஞ்சிருக்கு. கொழும்பில நிண்டவனுக்கு அது எப்பிடித் தெரியும்?”

“பொலிஸுக்குக் கோப்பையக் காட்டி இதச் சென்னா, எங்களுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்து அனுப்பிடுவாங்க.”

“ஓம். அதாலை அவன்ரை வாயாலை வரவேணும். பொலிஸ் ஓ.ஐ.சி.க்கு ஒரு கோல் எடு பிள்ளை. நஸீப்பின்ரை ஒஃபிஸ் வெளியறையில, கட்சிக்காரர் மாதிரி ஒருத்தரை இருத்தச் சொல்லு.”

*

நீதிமன்றம் கலைந்துவிட்ட நேரம். போகம்பரைப் பக்கம் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு நகர்ந்தன. நஸீப்பின் அலுவலகத்தில் சட்டப் புத்தகங்கள் நிறைந்த அலுமாரிகளுக்கு நடுவே அவர் தனியாக இருந்தார். வெளியறை வாங்கில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சிங்களப் பத்திரிகையை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” நஸீப் எழுந்துவிட்டார்.

“ஓம். வந்தது ராக்கம்மாதான். அவாவே ஒத்துக்கொண்டிட்டா.”

நஸீப் மெதுவாக உட்கார்ந்தார். நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. “எனக்கு அப்பவே... சரி. பொலிஸுக்குச் செல்லிட்டீங்களா?”

“பொறுங்கோ. வந்தவா எண்டுதான் சொன்னனான். கொலை செய்தவா எண்டு சொல்லேல்லை. கொல்லுறதுக்கு அவாவுக்கு ஒரு காரணமும் இல்லை. கேட்டதை அவர் குடுத்திட்டார்.”

“என்னத்தக் குடுத்த?”

“வாக்கு. நிலூஷா செத்த கதையை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறார். புருசனுக்குத் தெரிஞ்சால் உயிர் போயிடும் எண்டு அந்த அம்மா கும்பிட்டுக் கேட்டவா. மனிசன் பதவியை மட்டும் விட்டிட்டு, வாயை மூடிக்கொண்டு வீட்டில இருக்கப் போனவர். ஒரு பத்திரிகைக்கும் ஒண்டும் வந்திராது. ஒருத்தற்றை பேரும் கெட்டிராது.”

நஸீப்பின் உதடுகள் வெளுத்தன. நிலூஷா செத்துவிட்டாளா என்று அவர் கேட்கவில்லை.

“பொய்,” என்றார். “அவ பொய் செல்றா.”

“ஏன் பொய்?”

“அப்பிடி ஒண்டும் அவர் என்னட்டச் செல்லல்லயே! சுவத்துல குந்திட்டு அழுதழுது, ‘எல்லாம் முடிஞ்சிட்டு நஸீப், எல்லாம் முடிஞ்சிட்டு’ன்னு மட்டும்தானே...”

பேச்சை நிறுத்திவிட்டார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியறையில் பத்திரிகை மடிக்கப்படும் சத்தம் கேட்டது.

“நீங்க கொழும்புல ஈந்தீங்க நஸீப் நானா,” என்றாள் பஸ்லினா மெதுவாக. அவள் குரலில் கிண்டல் இல்லை.

நஸீப் இரு கைகளையும் மேசைமேல் விரித்து, அவற்றையே பார்த்தார். “வெளியில செல்லப் போறார்னுதான் நெனச்சேன். அந்தச் சேதிய மறச்சது நான். பேப்பருக்குக் குடுத்தது நான். அவருக்குப் பேர் ஈக்கி, மன்னிச்சிடுவாங்க. எனக்கு? நான்தானே உள்ளுக்குப் போவேன்? பேசிப் பார்ப்போம்னுதான் போன. அல்லா அறிய, பேசத்தான் போன. இந்தக் கைதான் தள்ளிட்டு...” விரல்களை மடக்கினார். “ஒரு வார்த்த செல்லீந்தா! செல்லமாட்டேன்னு ஒரு வார்த்த என்னட்டச் செல்லீந்தா...”

வெள்ளைச் சட்டைக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

*

ஓ.ஐ.சி. நல்ல மனிதர். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நஸீப்பின் போன் அன்று ஹந்தானையில் இருந்ததற்கான பதிவை எடுத்துவிடலாம், அது கஷ்டமில்லை. ஆனால் ஏன் கொன்றான் என்று நீதிமன்றம் கேட்கும். நிலூஷாவுக்கு என்ன நடந்தது என்பதை அங்கே எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். ராக்கம்மா சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அதற்கும் முன்பே, நஸீப்பைப் பிடித்த செய்தி இன்று மாலையே ரேடியோவில் போய்விடும். நிருபர்கள் விடியும்போது மடுல்கெல்லையில் நிற்பார்கள்.

“இதத் தடுக்கேலாதா?” என்று கேட்டாள் பஸ்லினா.

முடியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

இருவரும் வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தார்கள். பஸ்லினா சாவியைத் திருப்பவில்லை. இப்திகார் காக்க நினைத்த ஒரே வாக்கை உடைக்கும் வேலை இப்போது தன் கையில் என்று மயில்வாகனம் நினைத்தார். குற்றவாளியைப் பிடித்த நாளில் இவ்வளவு களைப்பு அவருக்கு வந்ததில்லை.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

ராக்கம்மா எடுத்தாள். அவர் ஒன்றையும் மறைக்காமல், சுருக்கமாகச் சொன்னார். யார் செய்தது, ஏன் செய்தது, இனி என்ன நடக்கும். அந்தப் பக்கத்தில், தூரத்தில், பொன்னையாவின் இருமல் கேட்டது.

“ரேடியோவுல எப்ப சொல்லுவாங்கய்யா?”

“இன்னும் கொஞ்ச நேரத்தில, அம்மா.”

“அது வாயால அவரு கேக்க வேணாம்.” மூச்சை இழுத்துக்கொள்ளும் ஓசை. “நானே சொல்லிர்றேன்.”

அவள் போனை நிறுத்த மறந்துவிட்டாள். அடிகள் சீமெந்துத் தரையில் நடந்தன. கதவு கிறீச்சிட்டது. கட்டில் பலகை அசைந்தது.

“என்ன, புள்ளகிட்ட இருந்தா?” என்றது ஓர் ஆண் குரல், ஆசையாக.

“கொஞ்சம் எந்திரிச்சு ஒக்காருங்க,” என்றாள் ராக்கம்மா. “என் கையப் புடிச்சுக்கங்க.”

மயில்வாகனம் போனை அணைத்தார்.